ஓய்வே இல்லாத வாரம்: ஓட்டத்துக்கு நடுவே சைக்கிளையும் நீச்சலையும் எங்கே வைப்பது?

ஐயாற்றங்கரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் திருவையாற்றில் வசிக்கும் கணக்கு ஆசிரியர்; வயது 44. நான்கு ஆண்டுகளாக ஓடி வருகிறேன். சென்ற பிப்ரவரியில் அரை மாரத்தானை 2 மணி 5 நிமிடத்தில் முடித்தேன். வரும் ஜனவரியில் சென்னையில் முதன்முறையாக முழு மாரத்தான், அதாவது 42.195 கிலோமீட்டர், ஓட எண்ணியுள்ளேன். அதற்காக ஆனி மாதத்திலிருந்து நானே வகுத்துக்கொண்ட வாரத்தை அப்படியே எழுதுகிறேன். பிழை எங்கே என்று சொல்ல வேண்டுகிறேன்.

திங்கள் காலை ஆற்றங்கரைச் சாலையில் 8 கிலோமீட்டர். செவ்வாய் மாலை வீட்டிலேயே தண்டால், பஸ்கி. புதன் காலை காவிரி, குடமுருட்டி, வெட்டாறு ஆகிய மூன்று பாலங்களையும் தாண்டித் தஞ்சாவூர்ச் சாலையில் போய்த் திரும்பும் 10 கிலோமீட்டர். நம் பக்கத்தில் மேடு என்று சொல்லத்தக்கது பாலத்தின் ஏற்றம் மட்டுமே என்பதால் அந்த வழியைத் தேர்ந்தேன். வியாழன் காலை புஷ்ய மண்டபப் படித்துறையில் அரை மணி நேர நீச்சல். ஆற்றில் தண்ணீர் ஓடுவதால் எதிர்நீச்சல் போட்டுவிட்டு மிதந்து திரும்புகிறேன். வெள்ளி மறுபடியும் 8 கிலோமீட்டர். சனிக்கிழமை கால்களுக்கு ஓய்வு தரும் எண்ணத்தில் சைக்கிளில் திருக்காட்டுப்பள்ளி வழியாகக் கல்லணை வரை போய்வருகிறேன்; மூன்றரை மணி நேரம் ஆகிறது. ஞாயிறு 20 கிலோமீட்டர் நீள் ஓட்டம். ஆக ஓட்டம் மட்டும் வாரம் 46 கிலோமீட்டர். வேகம் ஏறக்குறைய எல்லா நாளும் கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 10 நொடி முதல் 15 நொடி வரை.

முதல் ஐந்து வாரம் நன்றாகத்தான் போனது. இப்போது மூன்று வாரங்களாக, படுக்கையை விட்டு எழுமுன் பார்க்கும் நாடித்துடிப்பு 54 என்பதிலிருந்து 61 ஆகிவிட்டது. சென்ற ஞாயிறு அதே முயற்சிக்கு 6 நிமிடம் 40 நொடிதான் கிடைத்தது. பதினாறாவது கிலோமீட்டரில் நடக்க வேண்டியதாயிற்று. இடது கணைக்காலின் உட்பக்கத்தில் ஒரு வலி, ஓட்டத்தின் முதல் இரண்டு கிலோமீட்டரில் தெரிந்து பிறகு மறைகிறது. பள்ளியில் நாளெல்லாம் நின்றுகொண்டே பாடம் நடத்துவதால் மாலையில் அது மீண்டும் தலைகாட்டுகிறது. ஓட்டத்தில் ஒரு நாளைக் குறைத்து அதற்கு ஈடாகச் சைக்கிளைக் கூட்டலாமா? அப்படியானால் எத்தனை கிலோமீட்டர் சைக்கிள் ஒரு கிலோமீட்டர் ஓட்டத்துக்குச் சமம்?

கரந்தைப் பெரியவர் (பதில்)

ஆசிரியருக்கு வணக்கம். எனக்கு 61 வயது. இருபது ஆண்டுகளாக வடவாற்றங்கரையில் ஓடிக்கொண்டிருக்கிறேன். உங்கள் கேள்வியின் விடை உங்கள் கேள்விக்குள்ளேயே, "கால்களுக்கு ஓய்வு தரும் எண்ணத்தில்" என்ற இடத்தில் இருக்கிறது.

ஆடி முடிந்தும் மேல்காற்று இன்னும் ஓயவில்லை. நீங்கள் கிழக்கிலிருந்து மேற்கே, கல்லணையை நோக்கி, அந்தக் காற்றின் முகத்துக்கு நேராக மிதிக்கிறீர்கள். காலை ஆறு மணிக்குக் கிளம்பும்போது இலை அசையாது. திருக்காட்டுப்பள்ளியைத் தாண்டும் நேரத்தில் தென்னை மட்டைகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கும். திரும்பும்போது காற்று முதுகில் தள்ளுகிறதே என்று தோன்றலாம். ஆனால் எதிர்காற்றில் செலவழித்ததை அது முழுவதும் திருப்பித் தருவதில்லை. இப்படி மூன்றரை மணி நேரம் உழைத்த தொடைகளில், ஓடுவதற்கு எரிபொருளாகச் சேமித்துவைத்த கிளைகோஜன் பெருமளவு தீர்ந்திருக்கும். அது முழுமையாக நிரம்ப, நன்றாகச் சாப்பிட்டாலும், 24 மணி நேரத்துக்குக் குறையாமல் ஆகும். நீங்களோ மறுநாள் விடியலிலேயே 20 கிலோமீட்டருக்குக் கிளம்பிவிடுகிறீர்கள். பதினாறாவது கிலோமீட்டரில் கால் நின்றதற்கு ஞாயிற்றுக்கிழமையைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்தக் கணக்கு சனிக்கிழமையே முடிந்துவிட்டது.

அடுத்தது வேகம். கணக்கு ஆசிரியரிடம் இப்படிச் சொன்னால் எளிதில் புரியும் என்று நினைக்கிறேன்: உங்கள் வாரத்தின் சராசரியில் குற்றம் இல்லை, திட்ட விலக்கம்தான் இல்லை. எல்லா நாளும் ஒரே வேகம். அரை மாரத்தானை நீங்கள் ஓடிய வேகம் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 5 நிமிடம் 56 நொடி. பயிற்சி நாள்களிலும் அதைவிடப் பதினைந்து, இருபது நொடிதான் மெதுவாக ஓடுகிறீர்கள். அது இளைப்பாறும் அளவுக்கு மெதுவும் அன்று, உடலை ஒரு படி மேலே தூக்கும் அளவுக்குக் கடுமையும் அன்று. நார்வேயில் பணிபுரியும் உடற்பயிற்சி ஆய்வாளர் ஸ்டீபன் சைலர், உலகத் தரமான நெடுந்தொலைவு வீரர்களின் பயிற்சியைப் பார்த்து, அவர்களுடைய பயிற்சி வேளைகளில் ஏறக்குறைய 80 சதவீதம் மிக எளிதான தீவிரத்திலேயே நடக்கின்றன என்று காட்டினார். வேகமாக ஓடத் தெரிந்தவர்களே அப்படி மெதுவாக ஓடுகிறார்கள் என்பதை ஏற்றுக்கொள்ள எனக்கே மூன்று ஆண்டுகள் பிடித்தன. அதற்குள் ஓர் ஐப்பசி முழுவதும் சளியும் காய்ச்சலுமாகப் படுத்துக் கிடந்தேன்.

உங்கள் எளிய ஓட்டம் கிலோமீட்டருக்கு 7 நிமிடம் முதல் 7 நிமிடம் 20 நொடி வரை இருக்கலாம். கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம். பதினாறாம் வாய்பாட்டை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓடுங்கள். ஒரு வரியின் நடுவில் மூச்சு வாங்கினால் வேகம் அதிகம் என்று பொருள்.

வாரத்தை நான் இப்படி அமைப்பேன். நீள் ஓட்டத்துக்கு மறுநாளான திங்கள் முழு ஓய்வு. நீச்சலும் இல்லை, பஸ்கியும் இல்லை. செவ்வாய் 8 கிலோமீட்டர், வாய்பாட்டு வேகம். புதன் சைக்கிள், ஆனால் ஒரு மணி நேரத்துக்கு மேற்படாமல், சிறிய கியரில், காற்று எழுமுன் வீடு திரும்பும்படி. வியாழன் ஒன்றுதான் கடுமையான நாள்: 10 கிலோமீட்டரில் நடுவே எட்டு எட்டு நிமிடமாக மூன்று முறை, கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 40 நொடி அளவில், இடையில் இரண்டு நிமிட மெல்லோட்டத்துடன். வெள்ளி தண்டால், பஸ்கி. சனி 6 கிலோமீட்டர், மிக மெதுவாக. ஞாயிறு நீள் ஓட்டம், அதுவும் வாய்பாட்டு வேகத்தில்தான். மூன்று வாரம் சிறிது சிறிதாகக் கூட்டி, நான்காம் வாரம் கால் பங்கு குறைத்துவிட்டால், மார்கழி பிறக்குமுன் 30 கிலோமீட்டரைத் தொட்டுவிடலாம்.

நாடித்துடிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. ஏழு துடிப்பு என்பது ஒரு நாள் மட்டும் கூடியிருந்தால் உறக்கக் குறைவு, புழுக்கம் என்று விட்டுவிடலாம். மூன்று வாரமாக நீடிப்பதும், அதனோடு வேகமும் குறைவதும் உடல் கேட்கும் விடுப்பு. முதலில் ஒரு வாரம் பாதி தூரத்துக்கு இறங்கிவிட்டுப் பிறகு மேற்சொன்னதைத் தொடங்குங்கள்.

மன்னை இயன்முறை (பதில்)

நான் மன்னார்குடியில் இயன்முறை மருத்துவராகப் பணியாற்றுகிறேன். பெரியவர் சொன்ன வார அமைப்பு நல்லது. ஆனால் கணைக்கால் வலியைத் தெளிவுபடுத்திக்கொள்ளும் வரை அந்த வியாழக்கிழமைப் பயிற்சியைத் தள்ளிவைக்க வேண்டும் என்பது என் கருத்து.

இன்று மாலை ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, இடது கணைக்கால் எலும்பின் உள்விளிம்பைக் கட்டைவிரலால் கணுக்காலிலிருந்து மேல்நோக்கி அழுத்திக்கொண்டே வாருங்கள். ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் நீளமாக, ஒரு பட்டையைப் போல வலி பரவியிருந்தால், அது பெரும்பாலும் எலும்பை ஒட்டிய திசுக்களும் எலும்பின் மேற்பரப்பும் சுமை தாங்காமல் நோகும் நிலை. சுமையைக் குறைத்தால் சில வாரங்களில் அடங்கும். அதற்கு மாறாக, ஒரு ரூபாய் நாணயத்தால் மூடிவிடக்கூடிய ஒரே இடத்தில் சுருக்கென்று வலித்தாலோ, இரவில் படுத்திருக்கும்போது வலித்தாலோ, ஒற்றைக் காலில் குதிக்கும்போது வலித்தாலோ, எலும்பில் மயிரிழை விரிசல் இருக்கலாம் என்று கருதி ஓட்டத்தை அன்றே நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பார்க்க வேண்டும். தொடக்க வாரங்களில் எக்ஸ்ரேயில் இந்த விரிசல் தெரியாமல் போவது சாதாரணம். எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக மறுபடியும் ஓடத் தொடங்கி, முழு முறிவோடு வந்தவரை நான் பார்த்திருக்கிறேன். ஐயம் இருந்தால் எம்.ஆர்.ஐ. தெளிவாகக் காட்டும்.

வலி ஏன் இடது காலில் மட்டும் என்று நீங்கள் கேட்கவில்லை, நான் கேட்கிறேன். எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி சாலையின் வலது ஓரமாகத்தான் ஓடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். பாதுகாப்புக்கு அதுவே சரி. ஆனால் மழைநீர் வடிவதற்காகச் சாலையின் நடுவை உயர்த்தி இரு ஓரங்களையும் சரித்துத்தான் போடுகிறார்கள். வலது ஓரத்தில் ஓடும்போது உங்கள் இடது கால் எப்போதும் மேட்டிலும் வலது கால் பள்ளத்திலும் விழுகிறது. மேட்டில் விழும் பாதம் ஒவ்வோர் அடிக்கும் உட்புறமாகச் சற்றுக் கூடுதலாக மடங்கும். அதைத் தாங்கிப் பிடிக்கும் தசைகள் வந்து பற்றியிருக்கும் இடம்தான் கணைக்காலின் உட்பக்கம். உங்கள் ஷூக்களைக் கவிழ்த்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இடது அடிப்பாகம் உள்விளிம்பில் கூடுதலாகத் தேய்ந்திருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. வாரத்தில் இரண்டு ஓட்டங்களையாவது பள்ளி மைதானத்திலோ, சமதளமான மண்பாதையிலோ வைத்துக்கொள்ளுங்கள். மைதானத்திலும் பாதி நேரம் ஒரு திசை, மீதி நேரம் மறு திசை. ஆற்றங்கரை மண்பாதை காய்ந்திருந்தால் மிக நல்லது. மழை பெய்த மறுநாள் அந்தக் களிமண் சறுக்கும், அன்று வேண்டாம். விடியுமுன் ஓடுவதானால் கையில் டார்ச் இருக்கட்டும். வயலோரக் கரையில் கண்ணாடி விரியன் படுத்திருக்கும்.

சைக்கிளுக்கும் ஓட்டத்துக்கும் கிலோமீட்டர் மாற்று விகிதம் கேட்டீர்கள். மூன்றுக்கு ஒன்று என்று ஓட்டக்காரர்களிடையே ஒரு பேச்சு உண்டு. நான் அதைப் பயன்படுத்துவதில்லை. இதயத்துக்கும் நுரையீரலுக்கும் சைக்கிள் செய்யும் நன்மை ஓட்டத்துக்கு நன்றாகவே கைகொடுக்கும். எலும்பும் தசைநாணும் மட்டும் தரையில் மோதினால்தான் உறுதிப்படும். சைக்கிளில் அந்த மோதல் இல்லை. வலியுள்ள காலத்தில் அதுவே அதன் பயன், வலியில்லாத காலத்தில் அதுவே அதன் குறை. எனவே நிமிடத்துக்கு நிமிடம் என்று கணக்கு வையுங்கள்: 50 நிமிட எளிய ஓட்டத்துக்குப் பதிலாக 50 முதல் 60 நிமிட எளிய சைக்கிள். இன்னொன்று, ஒரே அளவு முயற்சிக்குச் சைக்கிளில் இதயத் துடிப்பு ஓட்டத்தைவிட ஐந்து முதல் பத்து வரை குறைவாகவே காட்டும். ஓட்டத்துக்கு வைத்த அளவைச் சைக்கிளில் எட்டிப்பிடிக்க முயன்றால் அது கடும்பயிற்சியாகிவிடும்.

பஸ்கி நல்லதுதான், ஆனால் அது தொடைக்கு. உங்களுக்கு வேண்டியது கெண்டைக்கால் பலம். படித்துறைக்குத்தான் போகிறீர்களே, பாசி இல்லாத ஒரு காய்ந்த படியின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, குதிகாலை மூன்று எண்ணும் வரை மெல்ல இறக்கி, பிறகு ஏற்றுங்கள்; முழங்காலை நீட்டிப் பதினைந்து முறை, சற்று மடக்கிப் பதினைந்து முறை, இப்படி மூன்று சுற்று. வாரம் மூன்று நாள் போதும்.

நாகை மிதிவண்டி (பதில்)

பெரியவரிடம் ஒரு சிறிய மறுப்பு. கல்லணைப் பயணத்தையே எடுத்துவிட வேண்டாம். நான்காம் வாரம் தூரத்தைக் குறைக்கச் சொன்னீர்கள் அல்லவா? அந்த ஞாயிறு மட்டும் நீள் ஓட்டத்துக்குப் பதிலாகக் கல்லணைக்கு விட்டுவிடலாம். மூன்று மணி நேரத்துக்கு மேல் இடைவிடாமல் உழைக்கும் பழக்கம் அவருக்குத் தேவை; முழு மாரத்தானில் அவர் நாலேகால் மணி நேரத்துக்குக் குறையாமல் காலில் நிற்கப் போகிறார். மேலும் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நீள் ஓட்டம் எத்தனை வாரம் கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது; அப்போது வீட்டுக்குள் ஸ்டாண்டில் மாட்டி மிதிக்கும் சைக்கிள்தான் பயிற்சியைக் காப்பாற்றும். சைக்கிளின் சீட் உயரத்தையும் பாருங்கள்: மிதிகட்டை அடியில் இருக்கும்போது முழங்கால் சற்றே மடங்கியிருக்க வேண்டும். சீட் தாழ்ந்திருந்தால் முழங்கால் முன்பக்கம் வலிக்கத் தொடங்கும், அந்தப் பழியும் ஓட்டத்தின் மேல் விழும்.

மாயூரம் ஓட்டக்காரி (பதில்)

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். வார அமைப்பைப் பற்றி மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். நான் நீரைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், குடிக்கும் நீரும் நீந்தும் நீரும்.

ஆவணியில் நம் ஊர்களில் காலை ஐந்து மணிதான் குளிர்ச்சியான நேரம், ஆனால் காற்றில் ஈரமும் அப்போதுதான் மிகுதி. வியர்வை வழிகிறதே தவிர ஆவியாவதில்லை. ஆவியாகாத வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை. உடலில் நீர் குறையக் குறைய, அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாகத் துடிக்கும். அடுத்த ஞாயிறு கிளம்புமுன் ஒரு முறை, திரும்பி வந்து உடம்பைத் துடைத்துக்கொண்ட பின் ஒரு முறை, எடை பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் இழந்திருக்கிறீர்கள். வழியில் குடித்ததையும் அதோடு கூட்டிக்கொள்ளுங்கள். நான் முதன்முதலில் அப்படிப் பார்த்தபோது 18 கிலோமீட்டருக்கு 2 கிலோ 300 கிராம் குறைந்திருந்தேன். ஒரு மிடறு நீரும் குடிக்காமல் ஓடுவதில் அதுவரை எனக்கு ஒரு பெருமை வேறு இருந்தது.

அதற்காக வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் கணக்கில் குடிப்பதும் ஆபத்து. நான்கு, ஐந்து மணி நேரம் ஓடுபவர்களுக்கு இரத்தத்தில் சோடியம் குறைந்து மயக்கம், குழப்பம் வரை போகக்கூடும். இளநீரில் பொட்டாசியம் நிறைய உண்டு, சோடியம் குறைவு. ஆகவே அது மட்டும் போதாது. உப்புப் போட்ட மோரும் நீராகாரமும் ஓட்டம் முடிந்த பிறகு மிகப் பொருத்தம். ஓட்டத்தின் நடுவே குடிக்க, ஒரு லிட்டர் நீரில் அரைத் தேக்கரண்டி உப்பு, ஆறு தேக்கரண்டி சர்க்கரை என்ற வீட்டுக் கரைசல் எனக்கு வயிற்றைக் கெடுப்பதில்லை. கூடுதல் உப்பு ஆகாத இரத்த அழுத்தக்காரர்கள் மருத்துவரைக் கேட்டுச் செய்யட்டும்.

நீச்சலைப் பொறுத்தவரை, ஓடும் ஆற்றில் எதிர்நீச்சல் என்பது நீங்கள் அளக்க முடியாத கடும்பயிற்சி. அதைவிட முக்கியம், ஆற்றுப் படுகையில் நேற்று இல்லாத பள்ளம் இன்று இருக்கும். தனியாக இறங்காதீர்கள். காலில் ஷூ கடித்த புண் இருக்கும் நாளில் இறங்கவே வேண்டாம், எலிக்காய்ச்சல் அந்த வழியாகத்தான் வரும்.

ஐயாற்றங்கரை (கேள்வி கேட்டவர்)

எல்லோருக்கும் நன்றி. பத்து நாள் கழித்து எழுதுகிறேன். கட்டைவிரலால் அழுத்திப் பார்த்ததில் வலி ஒரு சாண் நீளத்துக்குப் பரவியிருக்கிறது, ஒரே புள்ளியில் இல்லை, குதித்தாலும் வலிக்கவில்லை. ஷூவைக் கவிழ்த்தபோது மருத்துவர் சொன்னபடியே இடது உள்விளிம்பு வழவழவென்று தேய்ந்திருந்தது. கணக்குப் பார்த்தால் அந்த ஜோடி 900 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. புதியது வாங்கிவிட்டேன். வியாழக்கிழமைக் கடும்பயிற்சியை மூன்று வாரம் தள்ளிவைத்திருக்கிறேன். நீச்சலை நிறுத்திவிட்டேன், வீட்டில் அதற்காக உங்களுக்குத் தனியாக நன்றி சொல்லச் சொன்னார்கள்.

பதினாறாம் வாய்பாட்டுக்கு வருகிறேன். செவ்வாய்க்கிழமை என் பழைய வேகத்தில் தொடங்கி, "நாலு பதினாறு அறுபத்து நாலு" என்பதற்குள் மூச்சு முட்டியது. வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, முழு வாய்பாடும் தடையின்றி வந்தபோது கடிகாரம் 7 நிமிடம் 25 நொடி காட்டியது. டீக்கடை வாசலில் என் பழைய மாணவன் ஒருவன், "சார், உடம்பு சரியில்லையா?" என்று கேட்டான். நாடித்துடிப்பு இன்று காலை 57.

ஒரு கேள்வி மீதமிருக்கிறது. பள்ளி மைதானம் காலாண்டுத் தேர்வு வரை காலையில் விளையாட்டுப் பயிற்சிக்குப் போய்விடுகிறது. ஆகவே செவ்வாயும் சனியும் மறுபடி சாலைதான். நான்கு மணிக்கே கிளம்பினால் வண்டி நடமாட்டம் இருக்காது, சரிவில்லாத நடுச்சாலையில் ஓடலாம் என்று நினைக்கிறேன்.

கரந்தைப் பெரியவர் (பதில்)

நாடித்துடிப்பு இறங்கியது மகிழ்ச்சி. மாணவனுக்கு ஜனவரியில் பதில் சொல்லிக்கொள்ளலாம்.

நடுச்சாலை வேண்டாம். நான்கு மணிக்கு லாரி வராது என்று யார் சொன்னது? அதுவும் இன்னும் சில நாள்களில் குறுவை அறுவடை தொடங்கிவிடும். பகலெல்லாம் சாலையில் காயும் நெல்லை இரவில் அங்கேயே குவித்துத் தார்ப்பாய் போட்டு, காற்றில் பறக்காமல் இருக்கச் சுற்றிலும் கருங்கல் வைத்திருப்பார்கள். குவியல் இருட்டில் தெரிந்துவிடும், அந்தக் கல் தெரியாது. சென்ற ஆண்டு என் வலது கால் பெருவிரல் நகம் அதில்தான் போயிற்று. ஒன்றரை மணி நேரம் தாமதித்து, கிழக்கு வெளுத்த பிறகு கிளம்புங்கள். போகும்போது வலது ஓரம். திரும்பும்போது, எதிரே நெடுந்தொலைவு தெரிகிற, பின்னால் வண்டிச் சத்தம் கேட்காத நேரான பகுதிகளில் மட்டும், சற்று உள்ளே தள்ளி ஓடுங்கள்.